பிரித்துப் படிக்காதவர்கள்

எங்கள் தபால் அக்கா பல் பிடுங்கிக்கொள்ள ஒரு நாள் லீவு போட்டாள். அந்த ஒரு நாளில் எல்லாம் கெட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் போட்ட லீவுகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் பாதி, மகளுக்குக் காய்ச்சல் என்று போட்டது.

தபால் அக்கா என்றதும் தோளில் பையோடு தெருத்தெருவாகப் போகிறவள் என்று நினைக்க வேண்டாம். பிறருக்காக மின்னஞ்சல் அனுப்புவது எங்கள் கம்பெனியின் தொழில். கடைக்காரரின் தள்ளுபடி அறிவிப்பு, மருத்துவமனையின் 'நாளை உங்கள் முறை', பள்ளிக்கூடத்தின் விடுமுறைச் செய்தி என்று ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குப் போக வேண்டியதெல்லாம் எங்கள் கணினிகள் வழியாகப் போகும். அவை போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது அக்காவின் வேலை. போய்ச் சேரவில்லை என்று கத்துகிறவர்களின் ஃபோனை எடுப்பது என் வேலை. எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அது ஒரு நாள் பாதியில் உடைந்து விழுந்தது, யாரும் சரிசெய்யவில்லை. அதனால் பதினோரு வருஷமாக முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவள் இங்கே டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். தபால் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "கொஞ்ச நாள் பாத்துக்கம்மா" என்று பெரிய முதலாளி இவளிடம் தள்ளினார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர், வாரத்தில் நான்கு நாள் வெளியூர். மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. ஒரே மகள். காலையில் இரண்டு பஸ் மாறி வருவாள், சாயங்காலம் இரண்டு பஸ் மாறிப் போவாள், நடுவில் எட்டு மணி நேரம் திரையைப் பார்த்தபடி "மெதுவா, மெதுவா" என்று முனகுவாள்.

அந்த முனகலுக்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் பெட்டி நடத்தும் பெரிய கம்பெனிகளுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். ஒரே மூச்சில் யாராவது நிறைய அனுப்பினால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று ஒரு வரி பதில் வரும். கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தமில்லை, காத்திருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு என்றால் பிறகுதான் போக வேண்டும். பொறுக்காமல் அடுத்த நிமிஷமே போய்த் தட்டினால், இவன் யாரடா தொல்லை என்று அவர்களுடைய 'பிறகு' இன்னும் தள்ளிப்போகும். அக்கா இதை எங்கள் அலுவலகத்தில் சொல்லாத ஆளில்லை. மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை என்பது எங்கள் மேனேஜர். முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் அலுவலகத்துக்கே மாப்பிள்ளை. முகத்துக்கு நேரே சார், அறைக் கதவு சாத்தியதும் மாப்பிள்ளை. வந்து ஆறு மாதமாகிறது. ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருக்கத் தெரியாது. லிஃப்ட் பொத்தானைக்கூட நான்கு தடவை அழுத்துவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போக வேண்டியிருந்தவை சேர்க்கை அலுவலகத்தின் கடிதங்கள். நர்ஸிங், பிசியோதெரபி, லேப் என்று மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு விண்ணப்பித்துத் தேறிய முப்பத்தெட்டாயிரம் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம். அதில் உனக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும், அல்லது காத்திருப்போர் பட்டியலில் இத்தனையாவது ஆள் என்று இருக்கும். எதுவானாலும் கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தி 'எனக்கு வேண்டும்' என்று புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவர்களின் இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இணையதளத்தில் 'மின்னஞ்சலைப் பாருங்கள்' என்பதைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

அக்காவின் மகளும் அந்த முப்பத்தெட்டாயிரத்தில் ஒருத்தி. பிசியோதெரபி. அரசுக் கல்லூரியில் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேன் ஓட்டி ஓட்டி இடுப்பு போன அப்பாவுக்கு அந்தப் பெண் இணையத்தில் பார்த்துப் பார்த்துக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பாளாம். "ராத்திரியில அனத்தறது நின்னுடுச்சுடி" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். அவள் குரலில் பெருமையைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

செவ்வாய் காலை மாப்பிள்ளை ஒரு புத்திசாலித்தனம் செய்தார். எங்கள் பழைய சர்வர் மெதுவாகப் போகிறது என்று, அக்கா இல்லாத நேரம் பார்த்து ஒரு புது சர்வரை வாங்கி, எல்லாக் கடிதங்களையும் அதில் ஏற்றிவிட்டார். புது சர்வர் என்றால் இணையத்தில் அதற்கு அடையாளமும் புது எண். அந்த எண்ணை யாருக்கும் தெரியாது. அதற்கு முறையாகப் பெயர்கூடப் பதிந்திருக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு ஆள் முதல் நாளே முப்பத்தெட்டாயிரம் கடிதத்தோடு வந்து நின்றால் யார்தான் உள்ளே விடுவார்கள்? பத்து மணிக்கு ஆரம்பித்து, பத்தே காலுக்கு 'பிறகு வா' வந்துவிட்டது. மாப்பிள்ளை 'மறுபடி அனுப்பு' பொத்தானை அழுத்தினார். மறுபடி 'பிறகு வா'. மறுபடி அழுத்தினார். அன்றைக்கு அவர் அதை நூற்று நாற்பத்தொரு தடவை அழுத்தியதாகப் பதிவில் இருக்கிறது.

நான் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். வாய் நிறையப் பஞ்சு. நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது, அவள் சொன்ன "ம்ம்... ம்ம்ம்" எனக்குப் புரியவில்லை. மாலையில் சேர்க்கை அலுவலகத்திலிருந்து பதிவாளர் அம்மா கூப்பிட்டு எல்லாம் போய்விட்டதா என்று கேட்டார். மாப்பிள்ளை என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "எல்லாம் போயிடுச்சு மேடம்" என்றார். போயிருந்தது ஒன்பதாயிரம்.

புதன்கிழமை அக்கா வந்தபோது ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பையைக்கூட வைக்காமல் திரையைப் பார்த்தாள். 

"யாரு அழுத்துனது?"

நான் கண்ணாலேயே அறையைக் காட்டினேன்.

"கைய ஒடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினாள். அதைப் பார்த்து மாப்பிள்ளை அறையிலிருந்து ஓடி வந்தார். "நிறுத்திட்டீங்களா? நேரமே இல்லையே!"

"நேரமில்லன்னுதான் சார் நிறுத்தறேன்" என்றாள். அதற்கு மேல் பேச அவளுக்கு வாய் திறக்கவில்லை.

அரை மணி நேரம் எதுவும் அனுப்பாமல் விட்டாள். அந்த அரை மணி நேரம் எனக்கு ஃபோன் ஓயவில்லை. "எப்ப வரும்?" என்று பிள்ளைகள், "பணம் கட்டித்தானே விண்ணப்பிச்சோம்?" என்று அப்பாக்கள். "வந்துட்டே இருக்குங்க" என்று முந்நூறு பேரிடம் பொய் சொல்லியிருப்பேன். என் தொண்டை எனக்கே பிடிக்காமல் போயிற்று.

அக்கா கடிதங்களைப் பழைய சர்வருக்கு மாற்றினாள். பத்தொன்பது வருஷமாக அவள் தேய்த்துத் தேய்த்து நல்ல பெயர் வாங்கி வைத்திருந்த எண் அது. எந்தப் பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்று பிரித்தாள். ஒரே நேரத்தில் ஐம்பது வாசலில் தட்டிக்கொண்டிருந்ததை இரண்டாகக் குறைத்தாள். பெரிய கம்பெனிக்கு, நேற்று நடந்தது எங்கள் பிழை, இனி இப்படி அனுப்புவோம் என்று ஒரு விண்ணப்பம் எழுதினாள். அப்புறம் அவளுடைய வழக்கமான கடைசி வேலை ஒன்று இருந்தது. எங்களிடமிருந்து இதற்கு முன் எத்தனையோ அஞ்சல் போயும் ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்காத முகவரிகளைப் பொறுக்கித் தனியே ஒரு அடுக்கில் வைத்தாள். நாலாயிரத்து இருநூறு. அவை பெரும்பாலும் செத்த பெட்டிகள். அவற்றுக்கு அனுப்பி அனுப்பித்தான் நல்ல பெயர் கெடும். எங்கள் அலுவலகத்தில் இது அவள் போட்ட சட்டம்.

பத்து மணிக்கு மேல் கடிதங்கள் நகர ஆரம்பித்தன. சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. நான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன், அதையும் பாதிதான் குடித்தாள். மூன்றேகாலுக்கு நல்ல முகவரிகள் எல்லாம் போய் முடிந்தன. எனக்கு ஃபோன்கள் குறைந்தன. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, போயிடுச்சு" என்று தானே அனுப்பியதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அக்காவின் கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, கிளாஸ்ல எல்லாருக்கும் வந்துடுச்சு. எனக்கு மட்டும் வரலை."

"ஸ்பாம்ல பாத்தியா?"

"எல்லா இடத்திலயும் பாத்துட்டேன். உன்னோட சோதனைதான் இருக்கு."

அக்கா ஃபோனை வைக்கவில்லை. மெதுவாக மேஜையில் கவிழ்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது.

மகளுக்குப் பத்து வயதானபோது மின்னஞ்சல் வேண்டும் என்று அடம்பிடித்தாள் என்று அக்காதான் பெரிய கம்பெனியில் ஒரு பெட்டி திறந்து கொடுத்தாள். குழந்தை அதை இரண்டு நாள் பார்த்தது, அப்புறம் மறந்துவிட்டது. அக்கா மறக்கவில்லை. அஞ்சல்கள் ஒழுங்காகப் போகின்றனவா என்று சோதித்துப் பார்க்க அவளுக்கு வெளியே ஒரு பெட்டி தேவைப்பட்டது. எட்டு வருஷமாக 'சோதனை 1', 'சோதனை 2' என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். பதினோராயிரம் சோதனைகள், ஒன்றைக்கூட மகள் பிரித்ததில்லை. "மத்த அம்மாங்க சாப்பிட்டியான்னு கேட்டு அனுப்புவாங்க, எங்கம்மா சோதனைன்னு அனுப்பும்" என்று அவள் கேலி செய்வாளாம். விண்ணப்பிக்கும்போது கையிலிருந்த அதே முகவரியைத்தான் கொடுத்திருந்தாள்.

அக்கா அடுக்கைத் திறந்தாள். கடைசியிலிருந்து நான்காவது பக்கத்தில் மகளின் முகவரி இருந்தது.

"பழைய சர்வர்லேர்ந்து இத மட்டும் இப்பவே அனுப்புக்கா. ஒரு செகண்டு வேலை" என்றேன்.

அவள் அந்த வரியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபடியே மேலும் கீழும் உள்ள முகவரிகளைப் படித்தாள். பெயருக்குப் பின்னால் பிறந்த வருஷம். ஒரு கிரிக்கெட் வீரரின் பட்டப்பெயர். 'குட்டிமா', 'அப்பாசெல்லம்'. எல்லாம் பிள்ளைகள் வைக்கிற பெயர்கள்.

"இதுல ஒண்ணுகூடச் செத்த பெட்டி இல்லடி" என்றாள். "மூணு மாசம் முன்னாடி விண்ணப்பிக்கறப்ப சேர்க்கை ஆபீஸ் நேரா அனுப்புனத எல்லாரும் இதுலதான் உறுதி பண்ணியிருக்காங்க. கடைக்காரன் விளம்பரத்துக்குப் போட்ட சட்டத்தைத் தூக்கி இந்தப் புள்ளைங்களுக்குப் போட்டுட்டேன். பல்வலியில ஓடலை எனக்கு."

"சரி, அனுப்பு. மொதல்ல உன் பொண்ணுக்கு அனுப்பு."

"இதுவரைக்கும் பிரிக்காத பெட்டிங்க, இப்ப ஆரம்பிச்சாலும் நிமிஷத்துக்கு இருபதுதான். அதுக்கு மேல போனா மறுபடி கதவைச் சாத்துவான். முடிய ஏழு மணி ஆகும். அஞ்சு மணிக்குள்ள ஆயிரத்து எண்ணூறு போகும். மீதிப் பேரு?"

"மீதிப் பேர அப்புறம் பாப்போம்க்கா. உள்ளதானே கெடக்கு, அவ கடிதத்தையாவது பிரிச்சுப் பாரு. இடம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம்ல?"

"பிரிக்கறதில்ல" என்றாள். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் யாருடைய கடிதத்தையும் அவள் பிரித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் கடிதம். இதில் என்ன வேதாந்தம் என்று வாய் வரைக்கும் வந்தது.

அம்புக்குறி அந்த வரியிலிருந்து நகர்ந்தது. அடுக்கை அப்படியே வரிசைப்படி, நிமிஷத்துக்கு இருபது என்று ஓடவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அந்தப் பதிவாளர் அம்மா நம்பரப் போடு."

"மாப்பிள்ளை எல்லாம் போச்சுன்னு சொல்லியிருக்காரு. உன்னைத் தொலைச்சுடுவாரு."

"போடுடி."

போட்டேன்.  அக்கா இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் பேசியவள் அல்ல. வீங்கிய வாயோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நாலாயிரத்து எரநூறு பேருக்கு இன்னும் போகலைங்க. ஏழு மணி ஆகும். தப்பு எங்களோடது. நேத்து நடந்தது ஆபீஸ் தப்பு, இன்னிக்கு நடந்தது என் தப்பு. அஞ்சு மணிய நீங்க தள்ளி வெக்கணும்."

மறுமுனையில் நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

"தபால் பாக்கறவ" என்றாள்.

இருபது நிமிஷத்தில் அவர்களுடைய இணையதளத்தில் அறிவிப்பு வந்தது. கெடு மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்கப்பட்டது. அதற்கடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் மாப்பிள்ளையின் அறையில் ஃபோன் அடித்தது, ஏழாவது நிமிஷத்தில் அவர் எங்கள் மேஜைக்கு வந்து நின்றார். என்னென்ன பேசினார் என்று இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். அக்கா ஒரு தாளை எடுத்து, 'கடிதங்கள் போகாததால் போகவில்லை என்று சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மறுநாள் யார் தபாலைப் பார்ப்பது?

மகளின் கடிதம் அதன் முறை வந்தபோது, ஆறே முக்காலுக்குப் போனது. நான் அதுவரை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் மகள் கூப்பிட்டாள். அக்கா கேட்டுக்கொண்டாள், "சரி, உறுதி பண்ணிடு" என்றாள், வைத்தாள்.

"காத்திருப்போர் பட்டியல். இருபத்தாறு."

எனக்கு உயிர் வந்தது. இந்த ஃபோன்களை எடுத்து எடுத்து எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. "இருபத்தாறுதானே! போன வருஷம் அதே காலேஜ்ல அம்பத்தெட்டு வரைக்கும் போச்சுக்கா. எத்தனையோ பேர் பதிலே சொல்ல மாட்டாங்க. கண்டிப்பா கெடைக்கும்!"

அவள் அடுக்கில் மீதி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது. பதில் சொல்லாமல் போயிருக்கக்கூடியவர்கள் யார் என்று அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். அந்த நாலாயிரத்து இருநூறு பேர்தான்; இப்போது அவர்களுக்கும் கடிதம் போய்ச் சேரப்போகிறது, பதில் சொல்ல மறுநாள் பன்னிரண்டு மணிவரை நேரமும் இருந்தது.

பட்டியல் அடுத்த வாரம் நகர்ந்தது. பத்தொன்பதில் நின்றது.

அந்த வாரம் முழுக்க நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. கோபம்தான். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் எப்போதும்போல் இரண்டு பஸ் மாறி வந்தாள், டப்பாவைத் திறந்தாள், மூடினாள். வெள்ளிக்கிழமை அவளே உடைந்த தடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து கேட்டுட்டாடி. 'எனக்கு மட்டும் மொதல்ல அனுப்பிட்டு, நீ அந்தத் தேதியத் தள்ள வெக்காம இருந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்குமாம்மா?'ன்னு."

"என்ன சொன்ன?"

"கெடச்சிருக்கும்னு சொன்னேன்."

"ஏன்க்கா... தெரியலைன்னு சொல்லக் கூடாதா?"

"தெரியுமே."

"அவ என்ன சொன்னா?"

"அப்பாவுக்குக் கால் புடிச்சு விடப் போயிட்டா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கர்ச்சீப்பை எடுத்து வீக்கம் வடிந்த கன்னத்தை அழுத்திக்கொண்டாள், இன்னும் வலிக்கிறது என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல். நான் அப்படியே நினைத்துக்கொண்டதுபோல் இருந்தேன்.

பிறகு திரையின் பக்கம் திரும்பி, சோதனைக்கு அனுப்பும் முகவரிப் பட்டியலைத் திறந்தாள். மகளின் முகவரியை எடுத்தாள். அந்த இடம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"உன்னோடதக் குடேன்" என்றாள். "சும்மா வந்து விழும். பிரிக்கல்லாம் வேணாம்."

கொடுத்தேன். இப்போது எனக்கு வாரத்துக்கு இருபது, முப்பது என்று வருகிறது. 'சோதனை 11208', 'சோதனை 11209'. உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் எண்தான். நான் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.